கை டீச்சர்

எங்கள் பள்ளியின் மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கை டீச்சர். அடிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை எந்தப் பிள்ளை மேலும் பட்டதில்லை. பட்டதெல்லாம் புத்தகத்தின் மேல்தான். ஒரு பிள்ளை பாடத்தைத் திறந்து கடகடவென்று வாசித்தால், நாமெல்லாம் "சபாஷ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவோம். அவர் போக மாட்டார். சுண்ணக்கட்டித் தூள் படிந்த இடது உள்ளங்கையை அந்தப் பக்கத்திலிருக்கும் படத்தின் மேல் வைத்து மூடுவார். "இப்ப படி" என்பார். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் வாய் ஒட்டிக்கொள்ளும்.

நான் பக்கத்து அறை. நான்காம் வகுப்பு. அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்தக் கை எப்படி வந்தது என்று அவரே ஒருநாள் சொன்னார். வேலைக்கு வந்த முதல் வருடம் ஒரு பிள்ளை புத்தகம் முழுவதையும் தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னதாம். அக்காவும் மகிழ்ந்துபோய், நன்றாக வாசிக்கும் என்று எழுதி மேல் வகுப்புக்கு அனுப்பினார். அடுத்த வருடம் அதே பிள்ளை, தன் நோட்டு அட்டையில் இருந்த சொந்தப் பெயரைப் படிக்க முடியாமல் நின்றதாம். மாட்டுப் படம் வந்தால் மாட்டுப் பாடம், ரயில் படம் வந்தால் ரயில் பாடம். காதால் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

"அந்தப் பிள்ளை என்னை ஏமாத்தலடி. ஒரு வருஷம் முழுக்க நான்தான் அதை ஏமாத்தியிருக்கேன்" என்றார் அக்கா. அதைச் சொல்லும்போது இருபது வருடம் கழித்தும் அவர் முகம் சிவந்தது.

அவர் கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். மகள் வெளியூரில் செவிலி. வீட்டில் பெரிதாகக் கவலைப்பட ஒன்றுமில்லை. அதனால் கவலையையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு மூட்டை கட்டிக் கொண்டு வருகிறாள் என்று கணவர் கேலி செய்வார். மதிய இடைவேளையில் நாங்கள் வாயாடிக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் ஒரு பழைய பிளேடை வைத்துக்கொண்டு வகுப்பின் முப்பத்து நான்கு பென்சில்களையும் சீவிக்கொண்டிருப்பார். முனை மழுங்கிய பென்சில் வைத்திருக்கிற பிள்ளை எழுத்தைத் தடவிக் கொடுக்குமே தவிர எழுதாது என்பது அவர் கட்சி.

இனி நான் கோபப்படாமல் சொல்ல முடியாத இடத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரு செயலி வந்தது. கைப்பேசியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் ஒரு வட்டம். வாசிக்கத் தெரிந்தால் பச்சை, தெரியாவிட்டால் சிவப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வட்டத்தை அழுத்த வேண்டுமென்றால், பாடம் நடத்தியதற்குப் புகைப்படம் வேண்டும், புகைப்படத்தில் பிள்ளைகள் சிரிக்க வேண்டும், பின்னால் சுவரில் படம் ஒட்டியிருக்க வேண்டும். காலையில் முதல் அரை மணி நேரம் படம் எடுப்பதில் போகும். அடுத்த அரை மணி நேரம் அது போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருப்பதைப் பார்ப்பதில் போகும். இதற்கு நடுவே கழிப்பறையை எண்ணு, காலணியை எண்ணு, கைகழுவியதற்குப் படம் அனுப்பு. எங்கள் பிள்ளைகளுக்கு எழுத்து வந்ததோ இல்லையோ, "போட்டோ" என்றதும் புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கண்ணை அகல விரிக்க வந்துவிட்டது. வயிறு எரிகிறது.

அக்காவின் கணவர் ஒருநாள் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார். "எங்க பஸ்ஸுல ஆள் ஏறினப்புறம்தான் டிக்கெட் கிழிப்போம். உங்க பஸ்ஸுல ஆளே ஏறல, ஆனா டிக்கெட் மட்டும் சரியாக் கிழியுது."

அந்தச் செயலியில் ஒரே ஒரு நல்ல விஷயம் இருந்தது. ஒரு வகுப்பில் சிவப்பு இருந்தால் தினமும் ஒரு வாசிப்பு மணி உண்டு. அந்த ஒரு மணி நேரத்துக்கு மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிக ஆசிரியை ஒருவர் வருவார். வகுப்பாசிரியை சிவப்புப் பிள்ளைகளை மட்டும் தனியே அழைத்துப்போய்ச் சொல்லிக்கொடுக்கலாம். அக்கா பதினோரு சிவப்பு போட்டார். பள்ளி முழுவதிலும் வேறு யாரும் ஒரு சிவப்புகூடப் போடவில்லை. நானும்தான். உடைந்த மேசைகள் அடுக்கியிருந்த பின்னறையைக் கூட்டிப் பெருக்கி, பதினோரு பேருக்கும் அங்கே பாய் விரித்தார்.

அந்தப் பதினோரு பேரில் ஒருத்திக்குப் பெயர் ரேடியோ. வகுப்பு வைத்த பெயர். எதைக் கேட்டாலும் ஒருமுறை கேட்டது போதும், அப்படியே திருப்பிச் சொல்வாள். அறிவிப்பு, வாய்ப்பாடு, தலைமையாசிரியரின் இருமல் உட்பட. அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுபவர். இரண்டு வகுப்புகளில் இரண்டு ஆசிரியைகள் ரேடியோவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பச்சை போட்டிருந்தார்கள். அக்கா கையை வைத்தார். ரேடியோ நின்றுவிட்டது.

அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அந்தப் பெண் நம்பவில்லை. "என்னக்கா சொல்றீங்க? வீட்டுல புத்தகத்தை வச்சுக்கிட்டுப் பக்கம் பக்கமா ஒப்பிக்கிறாளே!"

"ஒப்பிக்கிறா. படிக்கல. எனக்கு ஒரு வருஷம் குடும்மா, படிக்க வச்சிடுறேன். ஒரு நாள்கூட லீவு போட வைக்காத."

ரேடியோவுக்குக் கொம்பில்தான் சிக்கல். நம் எழுத்தில் ஒரு வேடிக்கை உண்டு. சிறுபிள்ளையாக இருந்தபோது நாமெல்லோரும் அதில் தடுக்கி விழுந்திருப்போம், மறந்திருப்போம். 'கெ' என்றால் முன்னால் கொம்பு, பிறகு க. 'கொ' என்றாலும் முன்னால் அதே கொம்பு, அதே க, ஆனால் பின்னால் ஒரு கால் நிற்கும். அந்தக் காலைப் பார்க்காமல் அவசரப்பட்டால் கொடி கெடியாகிவிடும், கொக்கு கெக்காகிவிடும். ரேடியோவுக்கு எல்லாவற்றிலும் அவசரம். அக்கா ஒரு சட்டம் போட்டார்: "கொம்பைப் பார்த்தா நில்லு. கால் வருதான்னு பாரு. அப்புறம் வாயைத் திற." தெருவில் மாடு வந்தால்கூடப் பிள்ளைகள் இதைக் கத்திக்கொண்டு ஒதுங்கினார்கள்.

மூன்று மாதத்தில் ரேடியோ சிறு சொற்களைக் கூட்ட ஆரம்பித்தாள். படத்தை மூடச் சொல்லி யாரும் சொல்ல வேண்டியதில்லை. தானே தன் குட்டிக் கையைப் படத்தின் மேல் வைத்துக்கொள்வாள். இன்னும் நாலைந்து மாதம் அந்த மணி நடந்திருந்தால் போதும். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

எங்கள் தலைமையாசிரியரை நாங்கள் பச்சைக்கொடி என்போம். மேலிடத்திலிருந்து எது வந்தாலும் பச்சைக்கொடிதான். இந்தப் பெயர் செயலிக்கு முன்பே வைத்தது. பிறகு அது இன்னும் பொருத்தமாகிவிட்டது. அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"டீச்சர், பதினொண்ணு அசிங்கமா இருக்கு. பக்கத்துப் பள்ளியெல்லாம் முழுப் பச்சை. நமக்கு மட்டும் மானம் போகுது."

"படிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெரியும்னு போட்டாத்தான் சார் மானம் போகும்."

"போட்டுட்டு அப்புறமாச் சொல்லிக் குடுங்களேன். யார் வேண்டாம்னா?"

"பச்சை போட்டா வாசிப்பு மணி போயிடும். அப்புறம் எப்ப சொல்லிக் குடுக்கிறது? என் பேத்திக்கா?"

பச்சைக்கொடி அதற்குமேல் அவரிடம் பேசவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

செயலி எனக்குக் கைவந்த கலை. பள்ளியில் பாதிப் பேருடைய பதிவுகளை நான்தான் செய்து கொடுப்பேன். எல்லோருடைய கடவுச்சொல்லும் எனக்குத் தெரியும். அது எல்லோருக்கும் ஒன்றேதான். என்னுடைய பணி நிரந்தர ஆணைக்கான பரிந்துரைக் கடிதம் ஒன்பது மாதமாக அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதை எடுத்து, தூசி தட்டி, மறுபடி மேசையில் வைத்தார். "பதினொண்ணையும் பார்த்து முடிச்சிடும்மா" என்றார்.

முடித்தேன். சிவப்பைத் தொட்டால் "மாற்றவா?" என்று கேட்கும். ஆம் என்று அழுத்த வேண்டும். பதினோரு முறை கேட்டது. பதினோரு முறையும் அழுத்தினேன். ஏழாவதோ எட்டாவதோ ரேடியோ. பெயரைப் பார்த்தேன், தெரிந்துதான் அழுத்தினேன். இதை எப்படி எழுதினாலும் அழகாக வராது. அழகாக வரவும் கூடாது.

பத்து நாளில் செய்தி வந்தது: சிவப்பு இல்லாத பள்ளிக்குத் தற்காலிக ஆசிரியை தேவையில்லை. வாசிப்பு மணி நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. பின்னறையில் மறுபடி உடைந்த மேசைகள் ஏறின. அக்கா ஆசிரியர் அறையில் வந்து நின்று, "யார் மாத்தினது?" என்று கேட்டார். நான் என் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாததுபோல் திருகிக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். முப்பத்து நான்கு பேரை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, நடு நடுவே அந்தப் பதினோரு பேரையும் மேசையோரம் இழுத்துச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். மாலையில் அரை மணி நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். பள்ளி நேரத்துக்குப் பிறகு பிள்ளைகள் வளாகத்தில் இருக்கக் கூடாது என்று பச்சைக்கொடி சிவப்புக்கொடி காட்டினார்.

அதற்குள் எங்கள் பள்ளிக்குப் பாராட்டு விழா. எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கும் பள்ளி என்று சான்றிதழ். கல்வி அதிகாரி வந்தார். யாராவது ஒரு பிள்ளை மேடையில் வாசித்துக் காட்ட வேண்டும். பச்சைக்கொடி யாரைத் தேர்ந்தெடுத்தார் தெரியுமா? ரேடியோவை. "அந்தப் பொண்ணு சும்மா கணீர்னு சொல்லும்" என்றார். ஒரு பாடத்தை ஒப்பிக்கச் சொல்லி ஏற்பாடு. அக்கா வேண்டாம் என்றார். கேட்பாரில்லை.

அதிகாரி நல்ல மனநிலையில் இருந்தார். ரேடியோவின் கையிலிருந்த பாடப்புத்தகத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, பரிசாகக் கொண்டுவந்திருந்த புத்தகங்களில் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். "இதைப் படிம்மா, புதுசு." நாங்கள் யாரும் பார்த்திராத புத்தகம். பக்கம் முழுவதும் ஒரு நாயின் படம், வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு. கீழே ஒரே ஒரு வரி.

பச்சைக்கொடிக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் குனிந்து, ஒலிவாங்கி கேட்டுவிடாதபடி கிசுகிசுத்தார். "படத்தைப் பாரு. நாய் குரைக்குது. நாய் குரைத்தது, அவ்வளவுதான். சொல்லிடு."

நான் அக்காவைப் பார்த்தேன். எழுந்துபோய்க் கையை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. தன் நியாயத்தை நிரூபிக்க ஒரு பிள்ளையை நானூறு பேருக்கு முன்னால் ஊமையாக்குகிற ஆள் இல்லை அவர். மடியில் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ரேடியோ படத்தைப் பார்த்தாள். தலைமையாசிரியரைப் பார்த்தாள். பிறகு தன் கையை எடுத்து நாயின் மேல் வைத்து மூடினாள்.

"நா... ய்... நாய்."

கூட்டம் காத்திருந்தது.

"கெ..." நின்றாள். உதடுகள் மட்டும் அசைந்தன. கொம்பைப் பார்த்தா நில்லு. "இல்ல, கால் இருக்கு. கொ... கொ... ட்... டா... வி."

யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் யாரையும் பார்க்கவில்லை.

"வி... ட்... ட... து. விட்டது." மூச்சு வாங்கினாள். பிறகு மொத்தமாகச் சேர்த்தாள். "நாய் கொட்டாவி விட்டது."

கையை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள். "சார், இது குரைக்கல சார்! தூக்கம் வந்து கொட்டாவி விடுது!" ஒலிவாங்கியில் அது பள்ளி முழுக்கக் கேட்டது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் ஒருத்தி மட்டும் அழுதேன். எட்டு வயதில் முதல் தடவையாக ஒரு வரி அவளிடம் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரிக்கு மூன்று நிமிடம் ஆனது.

அதிகாரி சிரிக்கவில்லை. "இந்தப் பிள்ளை பச்சையா?" என்று கேட்டார். விழா சீக்கிரமே முடிந்தது.

நாலாம் நாள் கடிதம் வந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அதுதான். பொய்யான பதிவுகளுக்கு மூன்று நாளில் விளக்கம் கேட்டு, அக்காவுக்கு! பதிவு அவர் பெயரில் இருக்கிறதாம். பள்ளியிலேயே உண்மையைப் பதிவு செய்த ஒரே ஆளிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கிறது அந்தக் காகிதம். துறை நடவடிக்கை, பதவி உயர்வு நிறுத்தம் என்றெல்லாம் அடியில் அச்சடித்திருந்தது. வாசித்தபோது எனக்கு அந்தக் கடிதத்தின் மேல் வந்த கோபத்தில் கால்வாசி என் மேல் வந்திருந்தால் நான் அன்றைக்கே உருப்பட்டிருப்பேன்.

மதிய இடைவேளையில் அக்கா பென்சில் சீவிக்கொண்டிருந்தார். எதிரில் போய் உட்கார்ந்தேன். அவர் தலை நிமிராமல் பேசினார்.

"நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும். இந்தப் பள்ளிக்கூடத்துல தப்பில்லாமத் தப்புப் பண்ணத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்."

"அப்புறம் ஏன்க்கா என்னைக் கேக்கல?"

"கேட்டேனே. யார் மாத்தினதுன்னு கேட்டேன்." பிளேடை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "நீ நல்ல டீச்சர்னு இத்தனை நாளா நினைச்சிருந்தேன். கையை வச்சு மூடினேன். நின்னுட்டே. படத்தைப் பார்த்துச் சொல்ற ஆளாத்தான் நீயும் இருந்திருக்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பதினோரு தரம் கை போச்சே. ஒரு தரமாச்சும் நடுங்கலையா?" என்று கேட்டார். அதற்குப் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த பென்சிலை எடுத்தார்.

அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தேன். மாற்றியது நான், சொன்னது தலைமையாசிரியர், வகுப்பாசிரியைக்குத் தெரியாது. பச்சைக்கொடி அதைப் படித்துவிட்டுக் குதித்தார். "உனக்கென்ன கொம்பா முளைச்சிருக்கு?"

"ஆமா சார். இப்பத்தான் முளைச்சுது. கால் வருதான்னு பார்த்துட்டு இருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்திருந்தால் புரிந்திருக்கும்.

நியாயம் ஜெயித்தது என்று எழுத ஆசைதான். அக்கா மேல் நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. என் நிரந்தர ஆணை இன்னொரு வருடம் தள்ளிப்போனது. பச்சைக்கொடிக்கு வேறு பள்ளி, அங்கேயும் அதே நாற்காலி. சான்றிதழ் இன்னும் வாசலில் மாட்டியிருக்கிறது. வாசிப்பு மணி மட்டும் அந்த வருடம் திரும்பி வரவேயில்லை. இந்த ஆண்டுக்கான பதிவு பூட்டப்பட்டுவிட்டது, திருத்த வழியில்லை என்றார்கள். பதினோரு பிள்ளைகளின் வருடத்தைக் கெடுக்கப் பதினோரு தொடுகை போதும். சரிசெய்ய வழியில்லையாம். இதை உட்கார்ந்து யோசித்து உருவாக்கியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கின்றன என்று எனக்குத் தெரிய வேண்டும்.

புது வகுப்பு தொடங்கிய முதல் நாள் ரேடியோ என் அறைக்கு வந்தாள். அவளோடு மற்றப் பத்துப் பேரும். அக்கா வாசல்வரை கொண்டுவந்து விட்டார். என்னிடம் பழையபடி பேசுவதில்லை. ஆனால் கையில் பதினோரு பென்சில்கள் இருந்தன, சீவியவை. என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செயலியைத் திறந்தேன். போன வருடத்துப் பச்சை அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. பதினோரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். கடைசியில் ரேடியோ. நான்காம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாடத்தைத் திறந்து வைத்தேன். பெரிய படம், அவளுடைய கைக்கு அடங்காதது. அவள் கையை வைத்துப் பார்த்தாள். படம் நாலா பக்கமும் எட்டிப்பார்த்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"நீங்க கை வைங்க டீச்சர். இல்லன்னா எனக்கே தெரியாம ஏமாத்திடுவேன்."

எந்தக் கையால் அழுத்தினேனோ அந்தக் கையைத்தான் வைத்தேன். அது நடுங்கியது. அவள் முதல் சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது, நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.